கேரலைன் அஹர்ன்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

சென்ற வாரம் ஆங்கில நடிகை கேரலைன் அஹர்ன் பற்றி நான் எழுதிய நாலு வரிக்கு இவ்வளவு கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. பல வருடங்களாக அவர் செய்தவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான், அதனால் பதில் சொல்வதில் எனக்குத்தான் சந்தோஷம்.

அக்கா, இந்தப் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். யார் இவர்?

பிறந்தது 1963 டிசம்பர் 24, லண்டனில். அப்பா அம்மா அயர்லாந்துக்காரர்கள், அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. சின்னக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் விதென்ஷாவுக்குக் குடிபெயர்ந்தது. அரசு கட்டிக் கொடுத்த வாடகை வீடுகள் வரிசை வரிசையாக இருக்கும் பெரிய குடியிருப்பு அது. அவருக்கும் அண்ணனுக்கும் குழந்தைப் பருவத்திலேயே விழித்திரையில் புற்றுநோய். அதில் அவருக்கு ஒரு கண்ணின் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. லிவர்பூலில் நாடகம் படித்தார், பிபிசியின் மான்செஸ்டர் அலுவலகத்தில் செயலாளர் வேலை பார்த்தார். நடிகை, எழுத்தாளர், இயக்குநர், கடைசியில் பின்னணிக் குரல். 52 வயதில், 2016 ஜூலை 2 அன்று இறந்துபோனார்.

மிசஸ் மெர்ட்டன் என்ற கிழவி வேடம் எப்படி வந்தது?

வானொலியிலிருந்து. கிறிஸ் சீவி என்ற கலைஞர் பேப்பர் கூழில் செய்த பெரிய உருண்டைத் தலையை மாட்டிக்கொண்டு ஃபிராங்க் சைட்பாட்டம் என்ற பெயரில் நிகழ்ச்சி செய்வார், அந்த உலகத்தில்தான் மிசஸ் மெர்ட்டன் முதலில் பேசினார். அப்புறம் 1995 முதல் 1998 வரை பிபிசியில் தனி நிகழ்ச்சி. முப்பது வயதுப் பெண் நரைத்த விக்கும் பெரிய கண்ணாடியும் போட்டு, பக்கத்து வீட்டுப் பாட்டி மாதிரி உட்கார்ந்து நிஜப் பிரபலங்களைப் பேட்டி எடுப்பார், எதிரே பார்வையாளர்களாக உண்மையான தாத்தா பாட்டிகள்.

மேஜிக் கலைஞர் பால் டேனியல்ஸின் மனைவி டெபி மெகீ வந்தபோது, "கோடீஸ்வரர் பால் டேனியல்ஸிடம் முதன்முதலில் உங்களைக் கவர்ந்தது எது?" என்று கேட்டார். "கோடீஸ்வரர்" என்ற ஒரு சொல்லை எந்த அழுத்தமும் இல்லாமல் நடுவில் வைத்துவிட்டு, முகத்தில் அவ்வளவு கனிவு. இங்கிலாந்தில் இன்றும் அந்தக் கேள்வியைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பாட்டி கேட்டால் யாருக்கும் கோபம் வராது என்பதை அவர் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். 1997இல் அந்த நிகழ்ச்சிக்கு பிரிட்டனின் பெரிய திரைத்துறை விருதான பாஃப்டா கிடைத்தது.

தி ராயல் ஃபேமிலி என்றால் அரச குடும்பக் கதையா?

இல்லை தம்பி, இது ராயில் என்ற குடும்பப் பெயர், ஒலி மட்டும்தான் ஒன்று. மான்செஸ்டரில் ஒரு சாதாரண வீட்டு ஹால், ஒரு சோஃபா, ஒரு டிவி, சாம்பல் கிண்ணம், டீ. ஜிம், பார்பரா, மகள் டெனிஸ், மகன் ஆன்டனி, டெனிஸின் காதலன் டேவ், பாட்டி நானா. டெனிஸாக நடித்தவர் கேரலைன். டேவாக நடித்த கிரெய்க் கேஷ் அவரோடு சேர்ந்து எழுதினார். கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, எல்லோரும் டிவி பார்க்கிறார்கள், ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள், யார் எழுந்துபோய் டீ போடுவது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

1998இல் இப்படி ஒன்றை எடுக்கச் சம்மதம் வாங்குவதே பெரும்பாடு. அன்று நகைச்சுவைத் தொடர் என்றால் ஸ்டூடியோ, பார்வையாளர்கள், சிரிப்பொலி. இவர் சிரிப்பொலி கூடாது, ஒரே கேமரா, அதுவும் பிலிமில் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அவர் சொன்னதுதான் சரி. சிரிப்பொலி இருந்திருந்தால் அந்த வீட்டின் மௌனங்கள் எல்லாம் செத்திருக்கும். மூன்றாவது சீசனை அவரே இயக்கினார்.

ஏழைக் குடும்பத்தைக் கேலி செய்வது மாதிரி இல்லையா?

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் நான் இவரை நேசிப்பதன் காரணமே இதில்தான் இருக்கிறது. அவர் வெளியிலிருந்து எட்டிப் பார்த்து எழுதவில்லை, தான் வளர்ந்த ஹாலையே எழுதினார். 1999 கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதியைப் பாருங்கள். டெனிஸுக்குப் பிரசவ வலி எடுக்கிறது, பயந்துபோய் குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். நாள் முழுக்க சோஃபாவை விட்டு அசையாத, எதற்கெடுத்தாலும் கெட்ட வார்த்தை சொல்கிற அப்பா ஜிம் அந்தத் தரையில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அழுகிற மகளை அணைத்துக்கொள்கிறார். இரண்டு நிமிடம் முன்னால் வரை வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தொண்டை அடைக்கும். கேலி செய்கிறவருக்கு அப்படி ஒரு காட்சி வராது.

2006இல் பாட்டி இறந்துபோகும் சிறப்புப் பகுதி வந்தது, அதற்கும் பாஃப்டா. அதை நான் தனியாகத்தான் பார்ப்பேன்.

தி ஃபாஸ்ட் ஷோவில் என்ன செய்தார்?

குட்டிக் குட்டி நகைச்சுவைக் காட்சிகளாக வந்த பிபிசி நிகழ்ச்சி அது. அதில் சூப்பர் மார்க்கெட் கல்லாவில் உட்கார்ந்து, வாடிக்கையாளர் வாங்கும் ஒவ்வொரு பொருளைப் பற்றியும் கருத்துச் சொல்லும் பெண். அப்புறம், எந்த மொழி என்றே தெரியாத ஒரு வெளிநாட்டுச் சானலில் வானிலை வாசித்து, வெயிலுக்கு "ஸ்கார்ச்சியோ!" என்று கத்துபவர்.

புகழின் உச்சியில் ஏன் ஒதுங்கினார்?

பத்திரிகைகள் அவர் வாழ்க்கையைப் பிய்த்துப் போட்டன. நியூ ஆர்டர் இசைக்குழுவின் பீட்டர் ஹுக்குடன் நடந்த திருமணம் 1997இல் முறிந்தது, மனச்சோர்வும் குடியும் சேர்ந்துகொண்டன. கேரலைன் வீட்டு வாசலில் நின்ற பத்திரிகைக்காரர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு, அதனால் அந்தக் கிசுகிசுக்களை இங்கே நான் எழுதப்போவதில்லை. சில காலம் ஆஸ்திரேலியா போனார், அங்கே வைத்து டோசா அண்ட் ஜோ என்ற தொடரை எழுதினார், 2002இல் வந்தது. அதிகம் பேர் பார்க்காத நல்ல தொடர்.

காகிள்பாக்ஸுக்கு அவர் குரலை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

காகிள்பாக்ஸ் என்றால் இங்கிலாந்துப் பேச்சுவழக்கில் டிவிப்பெட்டி. 2013இல் பிரிட்டனின் சானல் 4 தொடங்கிய நிகழ்ச்சி, சாதாரண மக்கள் தங்கள் வீட்டு சோஃபாவில் உட்கார்ந்து டிவி பார்ப்பதை நாம் பார்க்கிறோம். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ஜிம், பார்பரா வீட்டு ஹால்தான், நிஜ மனிதர்களோடு! அந்த ஹாலைப் பதினைந்து வருடம் முன்பே எழுதியவரைத் தவிர வேறு யார் பேச முடியும்?

அவர் பேசும் வரிகள் சின்னவை. என்ன நிகழ்ச்சி ஓடுகிறது, யார் வீட்டில் இருக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் அந்த மான்செஸ்டர் உச்சரிப்பை அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை. சமையலறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துச் சொல்வது மாதிரி இருக்கும். நல்ல வர்ணனைக் குரல் எங்கே பேசாமல் இருக்க வேண்டும் என்று தெரிந்த குரல், என் கணக்கில் இவர்தான் முதல்.

கடைசிக் காலம்?

புற்றுநோய் மறுபடி வந்தது, சிறுநீர்ப்பையில் ஒரு முறை, பிறகு நுரையீரலில். 2014இல் தனக்கு நுரையீரல் புற்றுநோய் என்று வெளியே சொன்னார், மான்செஸ்டரில் புற்றுநோய் சிகிச்சையை மேம்படுத்த, நோயாளிகளுக்கு உதவும் மேக்மில்லன் தொண்டு அமைப்பு எடுத்த முயற்சிக்குத் தன் பெயரைக் கொடுத்தார். முடிந்தவரை காகிள்பாக்ஸுக்குக் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். இறந்தது மான்செஸ்டர் அருகே டிம்பர்லி ஊரில். ஃபிராங்க் சைட்பாட்டம் தன் ஊர் என்று சொல்லிக்கொண்டதும் அதே டிம்பர்லிதான்.

அவருக்குப் பிறகு காகிள்பாக்ஸில் பேச வந்தவர் கிரெய்க் கேஷ், டெனிஸின் டேவ்.

எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம், அக்கா?

ராயல் ஃபேமிலி முதல் சீசன். சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், அந்த உச்சரிப்பு பழக இரண்டு பகுதி ஆகும். முதல் பகுதியில் ஒன்றுமே நடக்கவில்லையே என்று மூடிவிடாதீர்கள், டெனிஸ் தன் டீ கோப்பையை அம்மா பக்கம் நீட்டும் விதத்தை மட்டும் கவனியுங்கள்.