முடக்குவாத ஊசிக்கு முன் டிபி பரிசோதனை எதற்கு?

"அம்மாவுக்கு மூட்டில்தானே வலி, நெஞ்சு எக்ஸ்ரே எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான். முடக்குவாத ஊசி போடுவதற்கு முன், காசநோய் (டிபி) இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த எக்ஸ்ரே.

நம்மில் பலருடைய உடம்பில் காசநோய்க் கிருமி சத்தமில்லாமல் உறங்கிக்கொண்டிருக்கும். நோய் எதிர்ப்பு அணுக்கள் அதைச் சுற்றி வேலி போட்டுக் காவல் காக்கின்றன. அந்த வேலி கலையாமல் இருக்க டிஎன்எஃப் என்ற புரதம் வேண்டும். மூட்டை வீங்கவைப்பதிலும் அதே புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு! இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் போன்ற ஊசிகள் அதை அடக்கும்போது வீக்கம் வடியும்; கூடவே வேலியும் தளரும். இன்ஃப்ளிக்சிமாப் போட்டுக்கொண்ட 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001-லேயே மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். கிருமி உறங்குவது தெரிந்தால் முதலில் அதற்கு மாத்திரை, அப்புறம்தான் ஊசி.

ஊசியால் புற்றுநோய் வருமா என்றும் பலர் பயப்படுகிறார்கள். நிணநீர்ப் புற்றுநோய் அபாயம், ஊசி போடாவிட்டாலும், முடக்குவாதத்திலேயே சற்றுக் கூடுதல். வருடக்கணக்கில் அடங்காத அழற்சி இருந்தவர்களுக்குத்தான் அது அதிகம்.