பச்சை வீரனும் வேப்பங்குழையும்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். இந்த மாதம் முழுக்க, இணையத்தில் பல ஊர் ஓவியர்கள் சேர்ந்து, பிரிட்டனின் பழங்கதை ராஜா ஆர்தரின் கதைப் பாத்திரங்களை வரைகிறோம். நாளுக்கு ஒரு பெயர் என்று பட்டியல். பரிசு எதுவும் கிடையாது, ஆசைக்கு வரைவதுதான். பகலில் வேலைக்குப் போய்விட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு டேப்லெட்டில் வரைகிறேன்.

பச்சை வீரனுக்கான நாளில் அவனை எங்கள் வீட்டு வளவில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், அரிவாளோடு நிற்க வைத்தேன். வெளிநாட்டு ஓவியர்கள் பாராட்டினார்கள். அப்பத்தா, "யாருத்தா இது, நம்ம முனியய்யாவா?" என்று கேட்டார்கள். உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் பிரச்சினை. "செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு வெள்ளைக்காரன் ராஜா எதற்கு? நம்ம கதையில் ஆளே இல்லையா?" என்று சித்தப்பா ஒருவர் கேட்க, பலரும் கைதட்டினார்கள். இன்னொருவர், வரைந்தால் அசலில் உள்ளபடி வரை, அரிவாள் எங்கிருந்து வந்தது என்றார். இந்தக் குழப்பத்தில் சில நாட்கள் வரையவும் இல்லை. தொடரட்டுமா, விட்டுவிடட்டுமா?

எம்., தேவகோட்டை

அன்புள்ள எம்.,

தொடருங்கள். விட்டுப்போன நாட்களைத் துரத்திப் பிடிக்க வேண்டாம். இன்றைய பெயரிலிருந்து வரையுங்கள், போதும்.

சித்தப்பாவின் கேள்விக்கு முதலில் வருகிறேன். ஆர்தர் யாருடைய ராஜா என்பதே கொஞ்சம் வேடிக்கையான சங்கதி. கதைப்படி அவன் ஆங்கிலேயரின் முன்னோர்களான சாக்சன்களை எதிர்த்துப் போரிட்டவன். வேல்ஸ் மக்களின் பழங்கதைகளில் இருந்தவன். பிற்பாடு அதே ஆங்கிலேயர்கள் அவனைத் தங்கள் ராஜாவாக்கிக்கொண்டார்கள். 1136 வாக்கில் மான்மவுத் ஜெஃப்ரி என்பவர் லத்தீனில் அவன் கதையை எழுதியபோது, அவன் வீரர்கள் சுற்றி உட்காரும் வட்ட மேசையே கிடையாது. 1155இல் வாஸ் என்ற கவிஞர் பிரெஞ்சில் எழுதும்போதுதான் மேசை வந்தது. ஆர்தரின் வீரன் லான்சலாட்டை அரசியின் காதலனாக்கியது கிரெத்தியன் என்ற இன்னொரு பிரெஞ்சுக் கவிஞர். டச்சுக்காரர்கள் தங்கள் பங்குக்கு மொரியன் என்று ஒரு கறுப்பு வீரனைச் சேர்த்தார்கள். ஜெர்மானியக் கவிஞர் வோல்ஃப்ராம் ஃபைரஃபிஸ் என்று ஒருவனைக் கொண்டுவந்தார். உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையும் கலந்தவன், கடைசியில் மனைவியோடு இந்தியாவுக்கே போய்விடுகிறான். சித்தப்பாவிடம் இவனைப் பற்றி அவசியம் சொல்லுங்கள். இத்தாலியில் மொடேனா தேவாலய வாசல் ஒன்றின் மேல், 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே, ஆர்தரும் அவன் ஆட்களும் கோட்டையைத் தாக்குவதைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான ஆட்களுக்கு மேலே பெயரும் உண்டு. கதை பிடித்துப்போன வெளியூர்க்காரர்கள் செய்த வேலைதான் அது. நீங்கள் இரவில் டேப்லெட்டில் செய்வதும் அந்த வேலைதான்.

அப்புறம், நம் வீடுகளைக் கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். முகப்பின் உச்சியில் கஜலட்சுமி இருப்பாள், அதே வரிசையில் சில வீடுகளில் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாயும் சுதையில் நிற்பான். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது. அதெல்லாம் வந்தபோது வராத கேள்வி, ஒரு பெண் படம் வரையும்போது மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது.

அரிவாள் எதற்கு என்று கேட்டவரை நான் அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட மாட்டேன். அவர் கேட்ட விதம் தப்பு, ஆனால் படத்தில் ஒரு குறை இருக்கிறது. அப்பத்தா கேட்டதும் அதைத்தான். கோடரியை அரிவாளாக மாற்றியதும் அவன் முனியய்யா ஆகிவிட்டான், பச்சை வீரன் காணாமல் போய்விட்டான். மூலமான இடைக்கால ஆங்கிலக் கவிதையில் அவன் எப்படி வருகிறான் என்று பாருங்கள். புத்தாண்டு விருந்து, அரசவை நிறைந்திருக்கிறது. ஆளும் பச்சை, ஏறி வந்த குதிரையும் பச்சை. கவசம் இல்லை, கேடயம் இல்லை. ஒரு கையில் பெரிய கோடரி. மறு கையில் ஹாலி என்ற செடியின் கிளை. சண்டைக்கு வரவில்லை, விளையாட வந்திருக்கிறேன் என்று சொல்ல அந்தக் கிளை. என் கழுத்தில் ஒரு வெட்டு வெட்டு, ஓராண்டும் ஒரு நாளும் கழித்து நீ வந்து அதே வெட்டை வாங்கிக்கொள் என்கிறான். ஆர்தரின் வீரன் கவைன் வெட்டுகிறான். தலை உருள்கிறது. வந்தவன் அதை முடியைப் பிடித்து எடுத்துக்கொண்டு குதிரையேறுகிறான். கையிலிருக்கும் தலை பேசுகிறது.

இதில் படத்துக்கு உயிர் அந்தக் கிளை. பனிக்காலத்தில் தோப்பெல்லாம் மொட்டையாக நிற்கும்போது ஹாலி மட்டும் பச்சையாக இருக்கும், அதனால்தான் கவிஞர் அதை அவன் கையில் கொடுத்தார். நம் செம்மண் காட்டில் பனி ஏது? இங்கே கண்மாய் வற்றிப் புல் கருகிக் கிடக்கும் சித்திரையில், புதுத் தளிரோடு நிற்பது வேம்பு. அவன் மறு கையில் ஒரு வேப்பங்குழையைக் கொடுங்கள். விருந்தையும் சித்திரை முதல் நாளுக்கு மாற்றிவிடலாம், அதுவும் புத்தாண்டுதானே. வேப்பிலையைப் பார்த்தால் மாரியம்மன் நினைவு வருமே என்பீர்கள். வரட்டும், இன்னும் நல்லது. ஆயுதத்தை மாற்றுவது உடுப்பை மாற்றுவது மாதிரி. அந்தப் பொருள் கதைக்குள் எதற்காக வந்தது என்று பார்த்து மாற்றினால், ஆள் அவனாகவே இருப்பான், ஊர் மட்டும் நம்முடையதாகிவிடும்.

கவைனை இன்னும் வரையவில்லை என்றால் அவன் கேடயத்தையும் கவனியுங்கள். சிவப்பில் தங்க நிற ஐந்து முனை நட்சத்திரம், எங்கும் முடியாமல் ஓடும் ஒரே கோடு. கம்பிக்கோலம் போடத் தெரிந்த கைக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. இந்தக் கதைக்கு மிஞ்சியது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி, பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அந்தச் சுவடியில் 12 படங்கள் உண்டு, வரைந்தவருக்குக் கை அவ்வளவாகத் திருந்தவில்லை. நீங்கள் தைரியமாக வரையலாம்.

பட்டியலில் வரும் பெயர்களில் லான்சலாட், மந்திரவாதி மெர்லின் எல்லாம் ஆயிரம் பேர் வரைந்தவை. ஒரு நாளை மட்டும் திருடி, சைலன்ஸ் என்ற பெண்ணுக்குக் கொடுங்கள். 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கதை. பெண்களுக்குச் சொத்துரிமை கிடையாது என்று அரசன் ஆணை போட்டுவிட, பெற்றோர் மகளை மகனாக வளர்க்கிறார்கள். அவள் வீட்டைவிட்டுப் போய்ப் பாணர்களோடு திரிகிறாள், அப்புறம் பெரிய வீரன் என்று பேரெடுக்கிறாள். ஒரு பெண்ணால் மட்டுமே பிடிக்க முடிகிற மெர்லினைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்துகிறாள், குட்டு உடைகிறது. கல்யாணமான ஆணை வைத்துப் புள்ளி என்று குடும்பக் கணக்கு எடுக்கும், பிள்ளை இல்லாவிட்டால் ஆண்பிள்ளையைச் சுவீகாரம் எடுக்கும் ஊரில் பிறந்தவர் நீங்கள். இந்தக் கதையை உங்களைவிட நன்றாக யார் வரைந்துவிட முடியும்? இதன் ஒரே பிரதி 1911இல் நாட்டிங்காம் பக்கம் வொல்லட்டன் மாளிகையில், மதிப்பில்லாத பழங்காகிதம் என்று எழுதிய பெட்டிக்குள் கிடைத்தது. பூட்டிக்கிடக்கும் வீடுகளிலிருந்து பேரேடும் ஓலையும் எடைக்குப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெட்டி ஞாபகம் வரும்.

நம்ம கதையில் ஆள் இல்லையா என்ற கேள்வி இருக்கிறதே, அது நல்ல கேள்வி. உங்களிடம் கேட்டதுதான் சரியில்லை, அவர்களே பேனாவை எடுத்திருக்கலாம். ஜெஃப்ரி அங்கே ஆர்தரை எழுதிய காலத்தையொட்டித்தான், இங்கே இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார். அடுத்து வந்த இரண்டாம் ராசராசன் தாராசுரத்தில் கட்டிய கோயிலில் நாயன்மார் கதைகளைச் சின்னச் சின்னச் சிற்பங்களாக வரிசையாகச் செதுக்கிவிட்டார்கள். ஒரு மாதப் பட்டியல் அங்கே கல்லிலேயே இருக்கிறது. அறுபத்துமூவர் என்பதால் இரண்டு மாதத்துக்கும் தாங்கும்.

அடுத்த மாதம் குழுவில் நீங்களே அறிவித்துவிடுங்கள். சித்தப்பாவுக்கும் நாள் ஒதுக்குங்கள், வரையத் தெரியாவிட்டால் கதையைச் சொல்லட்டும். முதல் நாள் காரைக்கால் அம்மையார். வணிகர் வீட்டுப் பெண், அழகைக் கழற்றிப் போட்டுப் பேயுருவைக் கேட்டு வாங்கியவர், கயிலையில் காலால் நடக்கக் கூசித் தலையால் நடந்தவர். அந்த நடையை எந்தக் கோணத்தில் வரைவது என்பதிலேயே ஒரு ராத்திரி போய்விடும். இயற்பகையாரை மட்டும் முதல் வாரத்தில் வைக்காதீர்கள். அடியார் கேட்டார் என்று மனைவியையே கொடுத்த கதை அது. குழுவில் சண்டை மூண்டு, மற்ற அறுபத்திரண்டு பேரும் வரிசையிலேயே நிற்க வேண்டியதாகிவிடும்.