மாப்பிள்ளைக்குத் தனி இலை வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் மகனுக்குக் கோதுமை ஆகாது என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அந்த உரிமையில் கேட்கிறேன். என் மகளுக்கு இந்த வருஷம் தலைதீபாவளி. மாப்பிள்ளைக்கு செலியாக் நோய். பெண் பார்க்க வந்த அன்றைக்கே சம்பந்தி வீட்டார் மறைக்காமல் சொல்லிவிட்டார்கள். கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் சேராது. கல்யாணத்தில் அவருக்கென்று தனியாக எடுத்துவைத்த சாப்பாட்டை அவர் தொடவில்லை. வெள்ளைச் சோறும் தயிரும் மட்டும் சாப்பிட்டு எழுந்துவிட்டார். மறுவீட்டுக்கும் அப்படியே. அதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

தீபாவளிக்கு 25 பேர் வருகிறார்கள். அவருக்கு மட்டும் தனியாகச் சமைக்கலாமா? திருநெல்வேலியில் இருந்துகொண்டு தலைதீபாவளிக்கு அல்வா இல்லாமல் எப்படி? என் கொழுந்தனார், "ஒரு நாள் ஒரு துண்டு சாப்பிட்டா என்ன ஆயிரும் மதினி" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்ல?

எஸ்.,
திருநெல்வேலி டவுண்.

*

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

மாப்பிள்ளை வெள்ளைச் சோறும் தயிரும் சாப்பிட்டு எழுந்ததைக் கவனித்திருக்கிறீர்கள். கல்யாண வீட்டு அலைச்சலில் பெண்ணைப் பெற்றவர்கள் பலருக்கு அது கண்ணில்கூடப் பட்டிருக்காது. தாளித்த தயிர்சாதமாக இருந்திருந்தால் அதையும் அவர் தொட்டிருக்க மாட்டார். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு முதலில் பதில். தனியாகச் சமைக்காதீர்கள். அன்றைக்கு உங்கள் வீட்டு அடுப்பில் ஏறும் எதிலும் கோதுமை வேண்டாம். 25 பேருக்கும் ஒரே சமையல், ஒரே பந்தி.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் என் மகன். அவனுக்கு ஏழு வயதில் நோய் தெரிந்தது. அதற்கு முன் இரண்டு வருஷம் ரத்தசோகை, வளர்த்தி இல்லை, அடிக்கடி வாய்ப்புண் என்று பூச்சி மருந்தும் இரும்புச்சத்து டானிக்கும் கொடுத்தே ஓட்டினோம். தெரிந்த பிறகு நான் வெகு கவனமாக இருந்தேன். எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவனுக்கு ஒரு டிபன் கேரியர் கூடவே வரும். எல்லோரும் பந்தியில் உட்கார, அவன் சுவரோரம் நாற்காலியில் மடியில் கேரியரை வைத்துச் சாப்பிடுவான். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று, "ஏன் தம்பி, இலையில உட்காரலையா?" என்று கேட்பார்கள். பத்து வயதில் அவன் கேரியரே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். "பசிக்கலம்மா, வீட்ல வந்து சாப்பிட்டுக்கறேன்." மதியம் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களையில் நின்றபடியே பழைய சோற்றை அள்ளிச் சாப்பிட்டான். அன்றிலிருந்து எங்கள் வீட்டு விசேஷங்களில் ஒரே சமையல்தான். விருந்தாளிகள் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை. பலருக்கு வித்தியாசமே தெரிவதில்லை.

நம் பண்டிகைச் சமையல் பெரும்பாலும் அரிசி, உளுந்து, பாசிப்பருப்பு, தேங்காய். பூரியும் கேசரியும் சேமியாப் பாயசமும் பின்னால் வந்து சேர்ந்தவை. அவற்றை ஒதுக்குவது சுலபம். கோதுமை என்று பெயர் சொல்லாமல் சமையலில் கலந்துவிடும் கோதுமைதான் பயமுறுத்துவது. அதில் முதல் இடம் பெருங்காயத்துக்கு.

மகனுக்கு நோய் தெரிந்த பிறகு வந்த முதல் பொங்கல். ரவை, மைதா, சேமியா மூன்றையும் வீட்டைவிட்டே வெளியேற்றியிருந்தேன். ஆனாலும் பொங்கலுக்கு இரண்டாம் நாள் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தான். "நான் எதுவுமே திங்கலையேம்மா" என்று அழுதான். அஞ்சறைப் பெட்டியில் தொடங்கி ஒவ்வொரு டப்பாவாக எடுத்து, மாமியாரின் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு படித்தேன். பெருங்காயத் தூள் டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: பிசின், கோதுமை மாவு, பெருங்காயம். சுத்தமான பெருங்காயம் பிசுபிசுப்பான பால், நெடியும் தாங்காது. ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருகிற அந்தப் பாலை இங்கே மாவும் பிசினும் சேர்த்துப் பிசைந்துதான் கட்டியாகவும் தூளாகவும் விற்கிறார்கள். அதற்குக் 'கூட்டுப் பெருங்காயம்' என்றே பெயர். சேர்க்கிற மாவு பல இடங்களில் மைதா. சாம்பார், ரசம், தயிர்சாதத் தாளிதம், ஊறுகாய், அப்பளம், கடையில் வாங்கும் சாம்பார்ப் பொடி என்று எல்லாவற்றிலும் அந்த மைதா இருக்கிறது. மாப்பிள்ளை ஏன் வெள்ளைச் சோற்றோடு நிறுத்திக்கொண்டார் என்று இப்போது புரிந்திருக்கும். அரிசி மாவில் கட்டிய, 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட்ட பெருங்காயம் இப்போது கிடைக்கிறது. அகப்படாவிட்டால் அன்றைக்குப் பெருங்காயமே வேண்டாம். பூண்டும் சீரகமும் கறிவேப்பிலையும் ஈடுகட்டும்.

இனி உங்கள் கொழுந்தனாருக்கு. இது அலர்ஜியும் இல்லை, செரிமானக் கோளாறும் இல்லை. கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், இந்த நோய் உள்ளவர்களுக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தி அவர்களின் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை இழுக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். சாப்பிட்ட உடனே வயிறு வலிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வெளியே எதுவும் தெரியாமலே உள்ளே புண்ணாகலாம். அளவையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சப்பாத்தியில் ஏறக்குறைய 2 முதல் 3 கிராம் குளூட்டன் இருக்கும். தினம் 50 மில்லிகிராம், அதாவது ஒரு சப்பாத்தியை ஐம்பதாகப் பிய்த்தால் வரும் ஒரு துணுக்கு, மூன்று மாதம் தொடர்ந்து உள்ளே போனாலே குடல் பாதிக்கப்படுகிறது என்று 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. உணவுப் பொருளில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் இருந்தால்தான் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போடலாம் என்பது நம் நாட்டு விதியும்கூட. இந்தக் கணக்கில் ஒரு துண்டு அல்வா சின்ன விஷயம் கிடையாது. 'ஒரு நாள்தானே' என்று சொல்கிற வீடுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தால் அவருக்கு வருஷம் முழுக்க ஒரு நாள்தான்.

புது ஃபேஷன் வியாதி என்றும் யாராவது சொல்லக்கூடும். நெதர்லாந்தில் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காத பஞ்சத்தில் இந்த நோயுள்ள குழந்தைகள் தேறியதையும், ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்ததையும் பார்த்தார். கோதுமைதான் காரணம் என்ற தன் ஆய்வை 1950-இல் வெளியிட்டார். நம் பக்கம் யாரும் கேள்விப்படாததற்குக் காரணம் எண்ணிக்கை. 2016-இல் வந்த ஓர் ஆய்வின்படி வட இந்தியாவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு இது இருக்கிறது. தெற்கே ஏறக்குறைய பத்தாயிரத்துக்கு ஒருவர்தான்.

இதைப் படித்துவிட்டுத் தனக்கும் இருக்குமோ என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்தப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் நோய் இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போய்விடும்.

சமையலுக்கு வருகிறேன். அரிசி மாவை மில்லில் கொடுத்து அரைக்காதீர்கள். உங்களுக்கு முன்னால் யாரோ சம்பா கோதுமை அரைத்துப் போயிருப்பார்கள். அதே உருளையில் உங்கள் பச்சரிசியும் விழும். எங்கள் அம்மா செய்தது போல அரிசியை ஊறவைத்து, வடித்து, வேட்டியில் நிழல் உலர்த்தலாகப் போட்டு, ஈரம் கையில் ஒட்டாத பதத்தில் மிக்ஸியில் அரையுங்கள். சல்லடை புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். கோதுமை மாவு சலித்த சல்லடையை எத்தனை தேய்த்தாலும் கம்பிக் கண்ணில் மாவு நிற்கும். சப்பாத்திப் பலகை, குழவி, மர முறுக்கு உழக்கு எல்லாம் பரணுக்குப் போகட்டும். பித்தளை உழக்கு இருந்தால் வெந்நீரில் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். பூரி பொரித்த எண்ணெயை மிச்சம் பிடிக்காமல் புது எண்ணெய் வையுங்கள். இலை பற்றிக் கவலையே இல்லை. ஆளுக்கொரு புது வாழையிலை. தட்டில் ஒட்டியிருக்குமோ என்ற சந்தேகத்துக்கே இடமில்லை.

காலையில் இட்லி, உளுந்த வடை, தேங்காய்ச் சட்னி. லேகியம் நீங்களே கிளறுவீர்கள் என்று நினைக்கிறேன். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி, நெய், நல்லெண்ணெய் என்று வீட்டில் கிளறினால் அதில் பயப்பட எதுவும் இல்லை. மத்தியானத்துக்குச் சொதி வையுங்கள். மறுவீட்டில் அவர் தொடாமல் போன சொதி இப்போது அவருக்காகவே ஒருமுறை கொதிக்கட்டும். தேங்காயின் முதல் பால், இரண்டாம் பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, இஞ்சி, பச்சை மிளகாய், இறக்கி வைத்து எலுமிச்சைச் சாறு. பெருங்காயத்துக்கு அங்கே வேலையே இல்லை. கூட இஞ்சிப் பச்சடி. சிப்ஸ் மட்டும் கடையில் வாங்க வேண்டாம், அங்கே எந்த எண்ணெயில் எதைப் பொரித்தார்கள் என்று தெரியாது. வீட்டிலேயே சீவிப் போடுங்கள். பாயசம் பாசிப்பருப்பில்.

பலகாரத்துக்கு அதிரசம், தேன்குழல், முந்திரிக்கொத்து. முந்திரிக்கொத்துக்கும் சுசியத்துக்கும் மேல்மாவு இப்போது மைதாவில் கரைக்கிறார்கள். பச்சரிசியும் உளுந்தும் அரைத்த பழைய மாவுக்குத் திரும்பிவிடுங்கள், மொறுமொறுப்பும் கூடும். பாதுஷா, சோமாசி வேண்டாம். அசோகா அல்வாவில் பாசிப்பருப்புதானே என்று நம்பிவிடாதீர்கள், கோதுமை மாவும் சேரும். முதலூர் மஸ்கோத் அல்வாவும் மைதாப் பாலில் கிளறுவதுதான்.

இனி அல்வா. நானும் பாளையங்கோட்டையில் பிறந்தவள். உங்கள் தவிப்பு தெரியும். கோதுமையை ஊறவைத்துப் பால் எடுத்தால் சக்கையோடு குளூட்டன் போய்விடும் என்று யாராவது ஆறுதல் சொன்னால் கேட்காதீர்கள். நிறையப் போகும், ஆனால் மிஞ்சுவதே அவருக்கு அதிகம். பதிலுக்கு எங்கள் வீட்டில் கிளறுவதைச் சொல்கிறேன். ஒரு ஆழாக்குப் பச்சரிசியை மூன்று மணி நேரம் ஊறவைத்து மையாக அரைத்து, துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். இரண்டு ஆழாக்கு இடித்த கருப்பட்டியைக் கரைத்து மண் போக வடித்து, நான்கு ஆழாக்குத் தேங்காய்ப்பாலோடு சேர்த்து, அடிகனமான உருளியில் மூன்றையும் ஊற்றிக் கிளற வேண்டும். முதல் கால் மணி நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு சட்டென்று கட்டி தட்டும். அப்போது கையை எடுக்கக் கூடாது. நெய்யைக் கரண்டி கரண்டியாக விட்டுக்கொண்டே வாருங்கள். முக்கால் மணி நேரத்தில் கறுத்துப் பளபளத்து ஓரம் விட்டு உருண்டு வரும். குடித்த தேங்காய்ப்பால் எண்ணெயாகத் திரும்பிக் கசியும்போது இறக்கிவிடலாம். நெல்லை அல்வாவின் வழுக்கல் இதில் வராது. அதற்கு மாற்று என்று சொல்லிப் பரிமாறவும் வேண்டாம். இது கருப்பட்டி அல்வா, இதற்கென்று ஒரு ருசி உண்டு. கடை அல்வா இல்லாமல் சொந்தக்காரர்கள் மனசு கேட்காது என்றால், பொட்டலமாக வாங்கி வெளி அறையில் வைத்திருந்து, கிளம்பும்போது பிரிக்காமலே ஆளுக்கு ஒன்று கையில் கொடுங்கள். அடுக்களைக்குள் மட்டும் வர வேண்டாம்.

வருகிறவர்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள். முன்பே போனில் சொல்லிவிடுங்கள், கோவில்பட்டிக் கடலைமிட்டாயோ ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவோ வாங்கி வரட்டும். ஒன்று கடலையும் வெல்லமும், மற்றது பாலும் சர்க்கரையும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளையிடம் நேரடியாகப் பேசுங்கள். மாமியார் எப்படிக் கேட்பது என்று தயங்க வேண்டாம். வாங்கிய பெருங்காயத்தையும் நெய்யையும் போட்டோ எடுத்து, "இது உங்களுக்கு ஒத்துக்குமா, பாத்துச் சொல்லுங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எத்தனையோ வீடுகளில் 'இதில் ஒன்றும் இல்லை, சாப்பிடுங்கள்' என்று சொல்லக் கேட்டு ஏமாந்தவர் அவர். உங்கள் டப்பாவை அவரே படித்துப் பார்த்துவிட்டால் அன்றைக்கு இலையில் நிம்மதியாகக் கை வைப்பார். அதே நேரம், பந்தியில் "இன்னைக்கு எல்லாமே மாப்பிள்ளைக்காகச் செஞ்சது" என்று யாரும் அறிவிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருபத்துநாலு பேரும் அவர் இலையைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

தீபாவளி முடிந்து அவர்கள் ரயிலேறும்போது இட்லி கட்டிக் கொடுப்பீர்கள். இட்லியில் தடவும் மிளகாய்ப் பொடியிலும் பெருங்காயம் உண்டு. பழைய பொடியை எடுக்காதீர்கள். உளுந்தும் மிளகாயும் எள்ளும் வறுத்து அவருக்கென்று புதிதாக இடித்து, ஒரு பாட்டில் சேர்த்தே கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்.