பழைய அம்பாசடரில் புது என்ஜின் போடலாமா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பா வாங்கிய 1976 மார்க் 3 அம்பாசடர், பெட்ரோல், கை கியர் (ஸ்டீயரிங் தண்டிலேயே இருப்பது). திம்பம் மலை ஏறினால் பாதியிலேயே சூடாகிவிடுகிறது. 80-க்கு மேல் போனால் உள்ளே பேச முடியாத அளவுக்கு இரைச்சல். ஸ்விஃப்ட் டீசல் என்ஜினையும் கியர்பாக்ஸையும் இறக்கிவிடலாம், மைலேஜும் கிடைக்கும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?"

ஸ்விஃப்ட் டீசல் வேண்டாம். அது நல்ல என்ஜின்தான், ஆனால் முன் சக்கரம் இழுக்கும் காருக்காகக் குறுக்குவாட்டில் உட்கார வைத்தது, கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். உங்கள் வண்டியில் என்ஜின் நெடுக்குவாட்டில் உட்கார்ந்து, ஷாஃப்ட் வழியாகப் பின் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதைத் திருப்பி வைக்க வேண்டும் என்றால் வேறொரு கியர்பாக்ஸ் தேடி, நடுவில் ஒரு அடாப்டர் தகடு கடைந்து, கிளட்ச், ஃபிளைவீல், ஸ்டார்ட்டர் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி செய்ய வேண்டும். இந்தத் தகட்டில் மையம் ஒரு நூல் விலகினாலும் கியர்பாக்ஸின் முன் பேரிங் சீக்கிரமே சத்தம் போட ஆரம்பித்துவிடும். போதாக்குறைக்கு அந்த என்ஜினின் கம்ப்யூட்டர், சாவி, இம்மொபிலைசர் (வேறு சாவி போட்டால் ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு) எல்லாம் ஒரே வண்டியிலிருந்து ஒரு செட்டாக வந்தால்தான் ஸ்டார்ட்டே ஆகும். செலவைக் கூட்டிப் பார்த்தால் மைலேஜில் மிச்சம் பிடிக்கும் காசு எந்த மூலைக்கும் காணாது.

சரி, அப்படியானால் என்ன செய்யலாம்? உங்கள் இரண்டு குறைகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சூடு என்ஜினின் குற்றமே இல்லாமல் இருக்கலாம், இரைச்சல் பெரும்பாலும் கியர் விகிதத்தின் குற்றம்.

முதலில் சூடு. அந்த 1489 சிசி என்ஜின் ஓட்டமாக ஓடி டாக்ஸி வாழ்க்கையைத் தாங்கிய என்ஜின், மலை ஏறாத என்ஜின் அல்ல. இத்தனை வருடத்தில் ரேடியேட்டரின் குழாய்களில் பாதி அடைத்திருக்கும், பிளாக்கின் தண்ணீர் அறையில் துரு சேறு மாதிரி தங்கியிருக்கும். டெல்கோவில், அதாவது பிளக்குகளுக்கு மின்பொறியைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில், இருக்கும் வேக்கம் டயஃப்ரம் கிழிந்திருந்தால் டைமிங் (பொறி விழும் நேரம்) பின்தங்கி அதுவே சூட்டை ஏற்றும். ரேடியேட்டரைத் திறந்து கம்பி விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், வெளியே தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் போதாது. பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீர் அறையை மூடியிருக்கும் கோர் பிளக்கைக் கழற்றி பிளாக்கையும் கழுவ வேண்டும். யாரோ எப்போதோ தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள், நம் பட்டறைகளில் அது ரொம்ப சகஜம்.

அடுத்தது இரைச்சல். இதற்கு ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும். அந்தக் கால அம்பாசடரின் பின் ஹவுசிங்கில் (டிஃபரன்ஷியல் இருக்கும் கூட்டில்) கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்துக்கு 39 பல், அதைச் சுற்றும் சின்னப் பினியனுக்கு 8 பல், அதாவது விகிதம் 4.875. (இடையில் யாராவது மாற்றியிருக்கலாம், திறந்து எண்ணிவிடுங்கள்.) 15 அங்குல வீலில் டயர் ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 2 மீட்டர் உருளும். 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 667 சுற்று, டாப் கியரில் என்ஜின் அதைப்போல 4.875 மடங்கு, அதாவது 3,250 சுற்று. மூன்றே மெயின் பேரிங் உள்ள பழைய கிராங்க், அந்தச் சுற்றில் சத்தம் போடத்தான் செய்யும். இதே வண்டிக்கு 0.85 விகிதத்தில் ஐந்தாவது கியர் ஒன்று இருந்தால் என்ஜின் 2,760-க்கு இறங்கிவிடும். அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் தேடுவது புது என்ஜினைவிட ஐந்து கியர் பெட்டியைத்தான்.

அது அம்பாசடர் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே இசுசுவின் 1817 சிசி பெட்ரோல் என்ஜினையும் அதன் ஐந்து கியர் பெட்டியையும் இதே பாடிக்குள் வைத்து விற்றது. ஆகவே மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தால், என்ஜினை மட்டும் காயலான் கடையில் பேரம் பேசி வாங்காதீர்கள். கண்டம் செய்யப் போகும் ஒரு 1800 அம்பாசடரை முழுசாகப் பாருங்கள். என்ஜின் மவுண்ட், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், ஷாஃப்ட், ரேடியேட்டர், கிளட்ச் இணைப்பு, சைலன்சரின் முன் குழாய் எல்லாம் அதிலிருந்தே வந்தால் லேத் பட்டறைக்கு அலைகிற வேலை பாதியாகக் குறையும். ஒன்று மட்டும் மனதில் வையுங்கள், இசுசு கியர் தரையிலிருந்து வரும். உங்கள் கை கியர் போய்விடும், முன் பெஞ்சு சீட்டின் நடுவில் இடம் விட வேண்டும், தரையை வெட்ட வேண்டும். அம்பாசடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ், எனவே வெட்டிய ஓரத்தைச் சுற்றிலும் தகடு மடக்கி வெல்டு வைக்காமல் விடக் கூடாது.

என்ஜினை உட்கார வைக்கும்போது நான் செய்யும் ஒரு வேலையைச் சொல்கிறேன். மவுண்டை வெல்டு செய்வதற்கு முன், காலி பிளாக்கை மரக்கட்டைகளின் மேல் வைத்து, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருண்டையாக உருட்டி ஏர் கிளீனர் தலையிலும், ஆயில் சம்ப்புக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவிலும், ஃபேனுக்கு முன்னாலும் ஒட்டிவிட்டு, பானட்டை மெதுவாகச் சாத்தித் திறப்பேன். நசுங்கிய களிமண்ணின் கனம்தான் உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி. ஒரு விரல்கடை இல்லையென்றால் இடம் போதாது, என்ஜின் ரப்பர் மேல் ஆடும்போது இடிக்கும்.

அப்புறம் ஷாஃப்ட். கியர்பாக்ஸின் வெளி முனையும் ஹவுசிங்கின் பினியன் முனையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், ஷாஃப்ட்டின் இரு முனையிலும் உள்ள கிராஸ் மூட்டுகள் இரண்டிலும் கோணம் சமமாக, 3 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. எங்களிடம் ஒரு முறை வந்த வண்டியில் 60-ஐத் தொட்டதும் தரையே உதறியது. முன்பு வேலை செய்தவர்கள் ஷாஃப்ட்டை இரண்டு தடவை பேலன்ஸ் செய்து பார்த்து, இரண்டு தடவை கிராஸும் மாற்றியிருக்கிறார்கள். செல்போனில் கோணம் காட்டும் செயலியை இரண்டு ஃபிளாஞ்சிலும் ஒட்டிப் பார்த்தால், கியர்பாக்ஸின் வால் 5 டிகிரி தொங்குகிறது. பின் மவுண்டுக்குக் கீழே ஒரு தகடு வைத்துத் தூக்கினோம், உதறல் நின்றது. வண்டிக்காரர் அதற்குள் கட்டியிருந்த பில்லைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இந்த ஐந்து நிமிட அளவைத் தயவுசெய்து உங்கள் கண்ணெதிரே எடுக்கச் சொல்லுங்கள்.

பிரேக்கில் சமரசமே கூடாது. நாலு பக்கமும் டிரம், பூஸ்டர் கிடையாது, ஒரு டன்னுக்கு மேல் எடை. கூடுதல் வேகம் கொடுத்துவிட்டு இதை வைத்துத் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கக் கூடாது. பிந்தைய அம்பாசடர்களில் முன்பக்கம் டிஸ்க்கும் வேக்கம் பூஸ்டரும் வந்தன. நீங்கள் வாங்கும் வண்டியில் அவை இருந்தால், ஹப்போடு சேர்த்து எடுங்கள், என்ஜினுக்கு முன்பே மாட்டுங்கள்.

இனி காகிதம், இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி. (பதிவுச் சான்று) விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் பார்ப்பதும் என்ஜின் நம்பரைத்தான். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். அதே 1489 என்ஜின் ஒன்றைப் போடுவது ஒன்று, வேறு சிசி போடுவது வேறு.

இன்னொன்றும் இருக்கிறது. 2021 விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய சொந்த வண்டிகளை விண்டேஜ் என்று வி.ஏ. வரிசை எண்ணில் பதியலாம், ஆனால் பாடியோ என்ஜினோ மாறாமல் பழைய உருவத்திலேயே இருக்க வேண்டும். உங்களுடையது 1976. என்ஜினை மாற்றினால் அந்தக் கதவு மூடிவிடும், மாற்றாமல் வைத்திருந்தால் அப்பா ஓட்டிய அதே என்ஜினோடு அந்த எண்ணை வாங்கலாம். என் வண்டியாக இருந்தால் நான் மாற்ற மாட்டேன்.

இந்த மாதம் ரேடியேட்டர், பிளாக், டெல்கோ மூன்றையும் பார்த்துவிட்டு, மலையடிவாரப் பண்ணாரியில் ரேடியேட்டரை நிரப்பிக்கொண்டு ஒரு முறை மலை ஏறுங்கள். பாதி மலையில் டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள், அதை வைத்து என்ஜினின் ஹெட்டைத் திறக்க வேண்டுமா என்று சொல்கிறேன்.