கடற்பாசிச் சாறு மிளகாய் வைரஸை விரட்டுமா?

கேள்வி: பினாங்கு மாநிலத்தின் நிபோங் தெபாலில் 600 பைகளில் சொட்டுநீர் உர முறையில் மிளகாய் போட்டிருக்கிறேன். நட்டு ஆறு வாரம். 40 செடிகளில் குருத்து மஞ்சளாகி மேல்நோக்கிச் சுருண்டுவிட்டது. கடற்பாசிச் சாறு அடித்தால் வைரஸ் செத்துவிடும் என்கிறார் உரக்கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: ஐயா, அந்த 40 செடிகளுக்காக வாங்காதீர்கள். மற்ற 560 செடிகளுக்காக என்றால் யோசிக்கலாம்.

முதலில் குருத்திலையின் அடிப்புறத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். இலைப்பேனாலும் இலை மேல்நோக்கிச் சுருளும். அதற்கு மருந்து உண்டு. நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் படர்ந்து, வெள்ளை ஈயும் இருந்தால் பெரும்பாலும் வைரஸ்தான். சந்தேகம் இருந்தால் விவசாய இலாகாவில் இலையைக் காட்டுங்கள்.

கடைக்காரர் சொன்னதை முழுக்கத் தவறு என்றும் சொல்ல முடியாது. கடற்பாசியின் சர்க்கரைப் பொருள்கள் ஃபுளூ வைரஸைத் தடுப்பதை 1958-லேயே கோழி முட்டைக் கருவில் சோதித்துக் காட்டிவிட்டார்கள். செம்பாசியின் காராஜீனனும் பழுப்புப்பாசியின் ஃபியூகோய்டனும் இந்த வகைதான். வைரஸின் மேற்புறத்தில் ஒட்டிக்கொண்டு, அது உயிரணுவைப் பற்றவிடாமல் செய்கின்றன. ஆனால் மிளகாய்க்கு வரும் வைரஸ் அப்படிப் பற்றி நுழைவதில்லை. வெள்ளை ஈயோ அசுவினியோ ஊசி வாயால் குத்தி நேராக உள்ளே இறக்கிவிடுகிறது. அந்தத் தடுப்புக்கு இங்கே வேலை இல்லை.

செடியில் பாசி உதவும் வழி வேறு. பழுப்புப்பாசியில் உள்ள லாமினாரின் என்ற சர்க்கரைப் பொருள் பட்டதும், பூஞ்சை வந்துவிட்டது என்று நினைத்து செடி தன் எதிர்ப்பை முன்கூட்டியே எழுப்பிக்கொள்கிறது. புகையிலைச் செடிக்கு ஃபியூகான் (ஃபியூகோய்டன் வகைச் சர்க்கரை) துண்டுகளைக் கொடுத்துப் பார்த்த 2003 ஆய்வில் தேமல் வைரஸின் தாக்குதல் குறைந்தது. நோய் வருவதற்கு முன்னால் கொடுத்தால்தான் இந்தப் பலன். ஏற்கெனவே சுருண்ட இலை திரும்ப விரியாது. கடைப் புட்டிகளில் பல, பாசியைக் காரக் கரைசலில் (அல்கலியில்) வேகவைத்து எடுத்தவை. அவற்றில் இந்தப் பொருள்கள் எவ்வளவு மிஞ்சும் என்பது புட்டிக்குப் புட்டி மாறும். அதனால் அதை ஊட்டமாக நினைத்து, நல்ல செடிகளுக்கு மட்டும், புட்டியில் போட்டிருக்கும் அளவில் காலை வேளையில் தெளியுங்கள். கரையில் ஒதுங்கிய பாசியை அள்ளி நீங்களே ஊறவைக்க வேண்டாம், உப்பு செடியைக் கருக்கிவிடும்.

வைரஸ்தான் என்று உறுதியானால், அந்த 40 செடிகளையும் உடனே பிடுங்குங்கள். மனசு வராதுதான், காய்க்கும் வேளையாச்சே. ஆனால் ஒவ்வொரு நாளும் அவை பக்கத்துச் செடிக்கு நோயைக் கொடுத்துக்கொண்டிருக்கும். பிடுங்குவதற்கு முன் வெள்ளை ஈக்கு மருந்தடியுங்கள், இல்லாவிட்டால் செடி அசைந்ததும் ஈ நல்ல செடிக்குப் பறந்துவிடும். பிடுங்கியதைப் பையில் கட்டி வெளியேற்றுங்கள். அப்புறம் மஞ்சள் ஒட்டும் அட்டைகளைத் தொங்கவிட்டு, சுற்றியுள்ள களையை எடுத்துவிடுங்கள். அடுத்த தடவை நாற்றைப் பூச்சி வலைக்குள்ளேயே வளர்த்து நடுங்கள்.