அம்மாவின் காலில் உடைந்த பிளேட்

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர் என் அம்மா. தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடுவதற்குள் பிளேட் உடைந்துவிட்டது. நான் இயந்திரப் பொறியியலில் முனைவர் பட்ட ஆய்வின் முதல் ஆண்டில் இருக்கிறேன். தலைப்பு உலோகச் சோர்வு, அதாவது திரும்பத் திரும்ப விழும் பாரத்தால் உலோகம் விரிசல்விட்டு உடைவது. எலும்பு சார்ந்த பயோமெக்கானிக்ஸ் (உடலில் விழும் விசைகளை ஆராயும் துறை) ஆய்வுக்கு மாற ஆசை. ஆனால் பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டவள். "டாக்டர்கள் வேலை உனக்கெதற்கு?" என்கிறார்கள். மாறலாமா?

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

தாராளமாக மாறலாம். கையிலிருக்கும் தலைப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். அம்மாவின் காலில் நடந்தது அநேகமாக அந்தத் தலைப்புதான்.

எலும்பு கூடும் வரை ஒவ்வோர் அடியின் பாரத்தையும் பிளேட்தான் தாங்குகிறது. ஆண்டுக்கு ஒரு காலுக்குச் சுமார் 10 லட்சம் அடிகள் என்று கணக்கிடுவது ஆய்வாளர் வழக்கம். எலும்பு முந்திக் கூடிவிட்டால் பாரம் அதற்குப் போய்விடும். கூடத் தாமதித்தால், திருகாணித் துளையோரத்தில் மயிரிழையாகத் தொடங்கும் விரிசல் முந்திவிடும். அப்படியானால் பிளேட்டைத் தடிமனாக்கினால் போதாதா? போதாது. கெட்டியான எலும்பின் விறைப்பு 20 ஜிகாபாஸ்கலுக்கு (விறைப்பை அளக்கும் அலகு) உட்பட்டது. டைட்டானியக் கலவைக்கு ஏறக்குறைய 110, துருப்பிடிக்காத எஃகுக்கு 200. உலோகமே பாரம் முழுவதையும் சுமந்தால் அடியிலுள்ள எலும்பு மெலிகிறது. பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் 1892இலேயே எழுதிவிட்டார். பிளேட் அதிகம் வளைந்து கொடுத்தாலோ முறிவு அசைந்து அசைந்து கூடாமலே போகும். நடுவே எங்கே நிற்பது என்று கணக்கிட உங்களைப் போன்றவர்கள் தேவை.

டாக்டர்கள் வேலை என்பவர்களுக்கு ஜெய்ப்பூர் செயற்கைக் காலைக் காட்டுங்கள். டாக்டர் பி.கே. சேத்தியோடு சேர்ந்து அதை உருவாக்கிய ராம் சந்திர சர்மா ஒரு கைவினைஞர். இடுப்பு மூட்டு மாற்றத்தின் முன்னோடி ஜான் சார்ன்லி இடுப்புக் குழியில் முதலில் வைத்த டெஃப்லான் கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்துபோயின. 1962இல் அவர் பாலிஎத்திலீனுக்கு மாறிய பிறகே அந்தச் சிகிச்சை நிலைத்தது. தேய்மானம் பொறியாளரின் பாடம் அல்லவா?

உயிரியலைக் கண்டு அஞ்ச வேண்டாம். எலும்பு, தசை, முறிவு கூடும் விதம் ஆகியவற்றைச் சில மாதங்கள் ஊன்றிப் படித்தால் பேச்சு புரியத் தொடங்கும். அதைவிட அவசியம், ஓர் எலும்பு அறுவை மருத்துவரை இணை வழிகாட்டியாகப் பெறுவது. இப்போதைய வழிகாட்டியிடம் தலைப்பு உறுதியாவதற்கு முன்பே பேசிவிடுங்கள். சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையம் மூன்றும் சேர்ந்து மருத்துவப் பொறியியலில் எம்.டெக். நடத்தியிருக்கின்றன என்பதையும் சொல்லுங்கள். புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து கேளுங்கள். நோயாளிகளிடமிருந்து அகற்றப்பட்ட, உடைந்த பிளேட்டுகளை நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு சேகரித்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தாலே நல்லதோர் ஆய்வின் முதல் அத்தியாயம் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கணினியில் எலும்பை வரைந்து, தகைவை (பாரத்தால் உள்ளே எழும் அழுத்தத்தை) வண்ணப் படமாக்கி, அதையே முடிவென்று வெளியிடுவது மலிந்துவிட்டது. செயற்கை எலும்பில் திரிபுமானி (நுண்ணிய நீட்சியை அளக்கும் கருவி) ஒட்டி அளந்து சரிபார்க்காத எந்த எண்ணையும் நோயாளியின் காலுக்குக் கொண்டுபோகக் கூடாது.

உங்கள் ஊருக்கே உரிய கேள்வியும் இருக்கிறது. கருவி பொருத்திய செயற்கை மூட்டுகளைக் கொண்டு பெர்லினில் அளந்தபோது, சமதரையில் நடக்கையில் முழங்காலில் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு விசை விழுந்தது. படி இறங்குகையில் மூன்று மடங்குக்கும் மேல். கொழுந்து மூட்டையோடு ஈரச் சரிவில் இறங்கும் பெண்ணின் காலில் எவ்வளவு விழும்? அளந்து பாருங்கள். "மூன்று மாதம் கழித்து வேலைக்குப் போகலாம்" என்று மருத்துவர் சொல்லும்போது எந்த வேலை, எந்தச் சரிவு என்று கேட்க அப்போது ஆதாரம் இருக்கும்.

அம்மா இப்போது நடக்கிறாரா என்று எழுதவில்லையே. அடுத்த கடிதத்தில் அவசியம் எழுதுங்கள். மறு அறுவையில் எடுத்த பிளேட் மருத்துவமனையில் இருந்தால், கிருமி நீக்கம் செய்து தரும்படி கேட்டு வாங்கி வையுங்கள். உடைந்த முகத்தைத் தேய்க்கவோ, இரு துண்டுகளையும் ஒட்டவைத்துப் பார்க்கவோ வேண்டாம். விரிசல் எங்கே தொடங்கியது என்ற தடயம் அழிந்துவிடும்.