படகு டீசல் எஞ்சின் குளிரில் ஸ்டார்ட் ஆகத் திணறினால் எங்கே பார்ப்பது?

காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் திணறுகிறது, சூடானபின் உடனே பிடிக்கிறது என்கிறீர்கள். சரி, முதலில் புகையைப் பாருங்கள். சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது. எரியத்தான் சூடு போதவில்லை. காற்றை அழுத்துவதால் வரும் சூடுதான் டீசலைப் பற்றவைக்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவரிலேயே போய்விடும். அதனால் பேட்டரியில் தொடங்குங்கள்: சுற்றும்போது 12 வோல்ட் பேட்டரி 10க்குக் கீழே இறங்கினால் பேட்டரியோ பச்சை பூத்த டெர்மினலோதான் சந்தேகம். அப்புறம் குளோ பிளக், அதாவது ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்கைப் பாருங்கள்.

புகையே இல்லையா? டீசல் லைனில் காற்று புகுந்திருக்கலாம். டீசலைக் கையால் ஏற்றும் கைபம்பை அடித்ததும் எஞ்சின் பிடித்தால் அதுதான்.

நீண்ட நேரம் சுற்றவேண்டி வந்தால் எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் வரும் வால்வை மூடிவிடுங்கள். இல்லையென்றால் சைலன்சரில் தண்ணீர் நிறைந்து சிலிண்டருக்குள்ளேயே ஏறிவிடும். எஞ்சின் பிடித்த கணமே வால்வைத் திறந்துவிடுங்கள்.